பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை

"ஏனம்மிணி, உன்ற தோட்டத்துல இருந்து முடுக்கி உட்டதெல்லாம் எங்கூட்டுத் தோட்டத்துல வந்து குடியேறிருச்சாட்ட இருக்குது" என்று பெரியப்பா கிணற்று மேட்டில் நின்றுகொண்டு சொன்னது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புரட்டாசிக் காலையில். அவர் உள்ளங்கையில் இரண்டு தக்காளிக் காய்கள் இருந்தன. இரண்டிலும் காம்பை ஒட்டி வட்டமாக ஒரு துளை. ஒன்றில் புழுவின் முன்பாதி காய்க்குள்ளும் பின்பாதி வெளியிலுமாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் கிணறு பொது, மோட்டார் முறைவைத்து ஓடுவது. அப்பா இறந்த பிறகு திருப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு நான் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, எந்த மடையைத் திறந்தால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகும் என்பதையே அவர்தான் காட்டிக்கொடுத்தார். ஆனாலும் அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது, இன்றுவரை முழுதாக வெளியே வரவில்லை.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் என் ஒரு ஏக்கர் தக்காளிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்திருந்தேன். 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் பால்போல வரும் வரை பிழிந்து, 200 லிட்டர் ஆக்கி, காதி சோப்புக் கரைத்துச் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். அதில் உள்ள அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால்தான் அந்த மாலை நேரம். 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொருளின் அமைப்பைச் சரியாகச் சொல்வதற்கு 1985 வரையிலும், ஆய்வகத்தில் அதை முழுமையாகச் செய்து காட்டுவதற்கு 2007 வரையிலும் வேதியியலாளர்கள் மல்லுக்கட்டினார்கள். நாமோ அதை அம்மிக்கல்லில் இடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறோம். புழுவைக் கொல்வதைவிட, புழுவைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்வதும், முட்டை வைக்க வரும் தாய் அந்துப்பூச்சியைத் தயங்க வைப்பதும்தான் அதன் பெரிய வேலை என்று படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். பெருமையாகவும் இருந்தது. யாரையும் கொல்லாத மருந்து அல்லவா.

பெரியப்பாவின் ஒரு வாக்கியம் அந்தப் பெருமையை இரண்டு பக்கமும் கூரான கத்தியாக்கிவிட்டது. கரைசல் வேலை செய்கிறது என்றால், தயங்கிய அந்துப்பூச்சி எங்கேயாவது முட்டை வைத்துத்தானே ஆக வேண்டும்? அவர் சொன்னது உண்மையாகிவிடும். அவர் சொன்னது பொய் என்றால், நான் இடித்ததும் ஊறவைத்ததும் வீண் என்றாகிவிடும். கொல்லும் மருந்தில் இந்தச் சிக்கல் கிடையாது. செத்த பூச்சி வரப்பு தாண்டாது. இதை மருந்துக்கடையில் சொன்னபோது கடைக்காரர் சிரித்துவிட்டு, "புழு எத்தன நீளம் இருக்குதுங்கக்கா?" என்று கேட்டார். அவர்கள் கணக்கு எப்போதும் புழுவிலிருந்துதான் தொடங்குகிறது. புழுவுக்கு முன்பாக ஒரு முட்டை இருந்தது, முட்டைக்கு முன்பாக ஒரு தாய் இந்தச் செடியா அந்தச் செடியா என்று முடிவு செய்தாள் என்பதெல்லாம் கடையின் தட்டுகளில் எந்தப் புட்டியிலும் இல்லை.

காலால் ருசி பார்ப்பவள்

முட்டையிடும் தாயைக் கண்ணால் பார்ப்பதற்குத் தக்காளித் தோட்டம் தேவையில்லை, தோட்டத்து வீடான சாளையின் வாசலில் உள்ள கறிவேப்பிலையே போதும் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு பட்டாம்பூச்சி காலை 10 மணி வாக்கில் வருகிறது. பப்பாளியைத் தாண்டுகிறது, முருங்கையைத் தாண்டுகிறது, செம்பருத்தியில் அரைக்கணம் உட்கார்ந்து எழுகிறது. கறிவேப்பிலைக் கொழுந்துக்கு வந்ததும் அதன் நடத்தை மாறிவிடுகிறது: சிறகடிப்பை நிறுத்தாமலேயே முன்னங்கால்களால் இலையை மாறி மாறித் தட்டுகிறது, மத்தளம் தட்டுவதுபோல. பிறகு வயிற்று நுனியை வளைத்து இலையைத் தொட்டு, அடுத்த கணம் போய்விடுகிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் இளமஞ்சள் உருண்டையாக, கடுகைவிடச் சிறியதாக ஒரே ஒரு முட்டை. சில நாள்களில் காக்கை எச்சம்போல ஒரு புழு. பிறகு அது பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு செந்நிறக் கொம்புகளை நீட்டி நாற்றம் வீசும். சிறுவயதில் எங்களுக்கு அது விளையாட்டு.

அந்தத் தட்டல்தான் விஷயம். பட்டாம்பூச்சியின் முன்னங்கால் நுனியில் சுவையறியும் மயிர்கள் இருக்கின்றன. அது இலையைக் கீறித் தட்டி, இலைச்சாற்றைக் காலால் ருசி பார்க்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, நாரத்தை எலுமிச்சை இனங்களில் முட்டையிடும் ஜப்பானியப் பட்டாம்பூச்சி ஒன்றை அந்நாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முட்டையிடத் தூண்டுவது ஏதோ ஒரு தனிப்பொருள் அன்று, பல பொருள்களின் கலவை என்று கண்டார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் தாய் பெரிதாக மதிப்பதில்லை, கூட்டாகக் கொடுத்தால்தான் வயிற்றை வளைக்கிறாள். நம் ஊரில் ரசத்துக்கு ஒரே சாமான் போதாது என்பதைப்போல. 2011-இல் அவர்கள் அந்தக் கலவையில் ஒன்றான சினெஃப்ரினை உணரும் ஏற்பியை முன்னங்காலிலேயே அடையாளம் கண்டு, அதன் வேலையைக் குறைத்தால் முட்டையிடும் நாட்டமும் குறைவதைக் காட்டினார்கள். வாசம் தூரத்திலிருந்து அழைக்கிறது. வந்து சேர்ந்த பிறகு காலின் ருசிதான் கடைசிக் கையெழுத்துப் போடுகிறது.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. செடி இந்த வேதிப்பொருள்களைப் பட்டாம்பூச்சியை அழைப்பதற்காகச் செய்து வைத்திருக்கவில்லை. பெரும்பாலானவை பூச்சிகளை விரட்டுவதற்கு உதவுபவை. 1910-இல் வெர்ஷாஃபெல்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர், முட்டைக்கோஸைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு அவை வழக்கமாகத் தொடாத இலைகளில் கடுகின் காரத்துக்குக் காரணமான சினிக்ரினைத் தடவிக் கொடுத்தார். புழுக்கள் அந்த இலைகளைத் தின்னத் தொடங்கின. ஊரில் உள்ள மற்றப் பூச்சிகளை எல்லாம் ஓட வைக்கும் காரம், அதைத் தாங்கப் பழகிவிட்ட ஓர் இனத்துக்கு வீட்டு முகவரியாகிவிடுகிறது. தாளவாடி மலையில் முட்டைக்கோஸ் போடுபவர்களைப் பாடாய்ப் படுத்தும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் அந்தக் கடுகுக் குடும்பத்து நெடியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. அதனால்தான் கோஸுக்கு நடுவே கடுகை வரிசையாக விதைத்து, அதில் முட்டையிட வைக்கச் சொல்கிறார்கள்.

முட்டையைப் பார்க்கப் பழகியது

எனக்கு முதன்முதலில் பூச்சி முட்டையைக் காட்டியவர் அம்மிச்சி. தட்டைப்பயறை முறத்தில் போட்டுப் புடைக்கும்போது, பயறின் மேல் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். அது வண்டு ஒட்டிவைத்த முட்டை. பொட்டு இல்லாத பயறுக்கு விளக்கெண்ணெய் தடவி வெயில் காட்டிப் பானையில் அடைப்பார்; பானைக்குள் ஒரு துண்டு வசம்பும் கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள பயறில் வண்டு முட்டையிடத் தயங்குகிறது, இட்டாலும் அது சரியாகப் பொரிவதில்லை. தாய்வண்டு ஏற்கெனவே முட்டை உள்ள பயறைத் தொட்டுத் தெரிந்துகொண்டு, கூடுமானவரை பொட்டில்லாத பயறைத் தேடுகிறது என்பதையும் நான் பிற்பாடுதான் படித்தேன். அம்மிச்சிக்கு அந்த வேதியியல் தெரியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதது அதுதான்.

தக்காளியில் அந்தப் பொட்டைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பச்சைக் காய்ப்புழுவின் முட்டை அரை மில்லிமீட்டர் அளவு. முத்து வெள்ளையில், மேலிருந்து கீழாக வரிவரியாக இருக்கும். பெரும்பாலும் பூங்கொத்தை ஒட்டிய நுனி இலைகளில் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு தாய் தன் ஆயுளில் பல நூறு முட்டைகள் வைத்துவிடுவாள். மூன்று நான்கு நாளில் அவை பொரிந்துவிடும். தக்காளித் தழைக்குள் பத்து நிமிடம் கைவிட்டுத் துழாவினால் விரல்கள் பச்சைக் கறுப்பாகிவிடும். கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும். தக்காளியின் சுரப்பி மயிர்களிலிருந்து வரும் பிசின் அது. அந்தப் பிசின்தான் காய்ப்புழு முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்க வரும் டிரைக்கோகிரம்மா என்னும் பொடிக்குளவியையும் கால் வழுக்க வைத்துச் சிக்க வைக்கிறது. செடியின் தற்காப்பு, செடிக்கு உதவ வருபவனையே மடக்கிப் பிடிக்கும் கூத்தை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

கைக்கண்ணாடியோடு நுனி இலைகளைப் பார்த்துப் பழகிய பிறகுதான், முதல் வருடத்தில் என் வேப்பங்கொட்டைக் கரைசலின் ஓட்டை எங்கே இருந்தது என்பது புரிந்தது. நான் அடித்தது திங்கட்கிழமை. பூக்கும் பருவத்துத் தக்காளி, தண்ணீரும் உரமும் கண்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சாண் நுனி விட்டுவிடும். அந்த ஒரு சாணில் வேம்பு கிடையாது. தாய் முட்டை வைக்க விரும்புவதும் அந்த ஒரு சாணில்தான். அதாவது வாரத்தின் பாதி நாள்கள் என் தோட்டமும் விரட்டிக்கொண்டிருக்கவில்லை, வாங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப மீதிப் பாதி நாளு?" என்றார்.

செண்டுமல்லி தோற்ற வருடம்

இரண்டாம் வருடம், விரட்டுவதை விட்டுவிட்டு இழுப்பதற்கு மாறினேன். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவைத்த முறை இது: 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. காய்ப்புழுவின் தாய் தக்காளியைவிடச் செண்டுமல்லி மொட்டையும் பூவையும் விரும்பி முட்டை வைப்பாள், அவற்றைப் பறித்தோ அந்த ஒரு வரிசைக்கு மட்டும் மருந்து அடித்தோ அழித்துவிடலாம் என்பது கணக்கு. நாற்றுப் பண்ணைக்குப் போய், தக்காளிக்கும் செண்டுமல்லிக்கும் ஒரே நாளில் குழித்தட்டு சொல்லி, ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் நட்டேன். வரிசையை மிகச் சரியாக எண்ணித்தான் நட்டேன். 16, 1. 16, 1.

அந்த வருடம் தக்காளி பூத்தபோது செண்டுமல்லி வெறும் தழையாக நின்றது. நெடி மட்டும் மூக்கைத் துளைத்தது. மொட்டு ஒன்றுகூட இல்லை. கைக்கண்ணாடியோடு ஒவ்வொரு செண்டுமல்லிச் செடியாகப் பார்த்தேன், முட்டை இல்லை. தக்காளி நுனியில் இருந்தது. முதல் இரண்டு பறிப்பிலும் சொத்தைக் காயைத் தனியாகக் கூடையில் பிரித்துப் போட்டபோது, பறிக்க வந்த அக்கா ஒருவர், "பூச்செடி வெச்சாப் புழு வராதுன்னீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். எனக்கு அழுகை வராத குறை.

தவறு என்னுடையதுதான். அந்த முறையில் இன்னும் ஒரு பாதி இருந்தது. அதை நான் படித்துவிட்டு, முக்கியமில்லாத சில்லறை விவரம் என்று தள்ளிவிட்டிருந்தேன். நடும்போது செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள் வயதும், தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயதும் இருக்க வேண்டும். அந்த 20 நாள் வித்தியாசம்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் பூக்க வைக்கிறது. பெண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பை மின்கருவியில் பொருத்திச் செண்டுமல்லிப் பூவின் வாசத்தைப் பிரித்துப் பிரித்துக் காட்டி, எதற்கெல்லாம் அது அசைகிறது என்று சோதித்திருக்கிறார்கள். பென்சால்டிஹைடு, ஃபினைல் அசெட்டால்டிஹைடு, லினலூல், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் எனப் பூவிலிருந்து கிளம்பும் பல பொருள்களுக்கு அது பதில் சொல்கிறது. சோதித்தது பூவின் வாசத்தை. நான் நட்டு வைத்திருந்ததோ தழை. செண்டுமல்லி என்ற பெயரைக் கேட்டுப் பூச்சி வரும் என்று நினைத்திருந்தேன்போல.

சிவப்புத்தாள் சுற்றிய விளக்கு

போன வருடம் நாள் எண்ணி விதைத்தேன். ஆவணி முடிவில் இரண்டும் சேர்ந்து பூத்தன. முட்டை மொட்டில் இருக்கிறது என்பதைக் காலையில் பார்ப்பது போதாது, வைப்பதையே பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. வெள்ளை வெளிச்சம் அந்துப்பூச்சியைக் குழப்பிவிடும். சிவப்பு அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது என்பதால், டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் போட்டுக்கொண்டேன். இரவு 8 மணிக்கு நானும் அம்மாவும் பெரியப்பா தோட்டத்தை ஒட்டிய வரப்பில் போய் உட்கார்ந்தோம். அம்மா பாம்புக்குப் பயந்து ஒரு தடியைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வந்தது. வைக்கோல் நிறத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியதாக. பூவின் முன்னால் சிறகு நடுங்க நின்றது, மொட்டின் பக்கவாட்டில் இறங்கியது, உணர்கொம்புகளைத் தாழ்த்தி மொட்டைத் தடவியது, வயிற்று நுனியை ஒருமுறை அழுத்தியது. அடுத்த மொட்டு. அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது மொட்டிலிருந்து எழுந்து தக்காளி வரிசைப் பக்கம் திரும்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு செடி தாண்டித் திரும்பவும் செண்டுமல்லிக்கே வந்தது. அம்மா தடியை மறந்துவிட்டார். "பொறந்த ஊட்டுக்கு வர்ற மாதிரி வருது பாரு" என்றார்.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் நான் இவ்வளவும் எழுதக் காரணம். இரண்டாவது அந்துப்பூச்சி எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தது. மூன்றாவதும் அப்படியே. நாங்கள் உட்கார்ந்திருந்த வரப்புக்குப் பின்னால் இருந்தது பெரியப்பாவின் தக்காளி. காற்று அன்றைக்கு மேற்கிலிருந்து அடித்தது. என் செண்டுமல்லியின் வாசம் வரப்பைத் தாண்டி அவர் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வாசத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிராக, அவர் தோட்டத்துப் பூச்சிகள் என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன. மூன்று வருடத்துக்கு முன் என் பூச்சியை அவருக்கு அனுப்பினேன் என்று சொன்னவர். இப்போது அவர் பூச்சிக்கும் சேர்த்து நான் இலை போட்டுக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலை வரப்போரச் செண்டுமல்லி ஒன்றில் மட்டும் 11 முட்டைகள் எண்ணினேன். உள்வரிசையில் ஒரு செடிக்கு மூன்று, நான்கு என்ற கணக்கில்தான் இருந்தது.

சந்தோஷத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஆயுத பூசைக்குப் பூ விலை ஏறும் என்று பத்து நாள் பறிக்காமல் விட்டுவிட்டேன். இழுத்து வைத்த முட்டையை அழித்தால்தான் அது பொறி. அழிக்காவிட்டால் அது பண்ணை. பூ விலை ஏறியது உண்மை. அதற்குள் புழுக்கள் பூவின் நடுத்தட்டைக் குடைந்து பெரிதாகி, இரண்டு பக்கத்துத் தக்காளி வரிசைகளுக்கும் இறங்கிவிட்டன. பறித்து மூட்டை கட்டிய பூவிலும் எத்தனை புழு போனதோ. உடுமலைப் பக்கம் எந்தக் கடையின் கல்லாப்பெட்டிக்குச் சாத்திய மாலையிலிருந்து எட்டிப் பார்த்ததோ.

முடுக்குவதும் இழுப்பதும்

விரட்டுவது மட்டும் ஒரு வழி, இழுப்பது மட்டும் இன்னொரு வழி என்று நான் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதை 1990-களிலேயே கென்யாவில் விக்டோரியா ஏரிப் பக்கத்துச் சிறு விவசாயிகளின் மக்காச்சோளக் காட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே அவர்களைப் படுத்திய தண்டுத்துளைப்பான்களில் ஒன்று நம் சோளக்காட்டிலிருந்து கிளம்பிப் போனதுதான் என்பது தனிக்கதை. மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி. அதன் வாசம் அந்துப்பூச்சியை வெளியே தள்ளும், கூடவே மக்காச்சோள வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் அடக்கும். வெளி வரப்பில் நேப்பியர் புல். அதன் வாசம் வெளியே இழுக்கும். நேப்பியரில் பொரிந்த புழு தண்டைத் துளைக்கும்போது ஒட்டும் சாறு வடிந்து பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும். இந்தப் புல்லைப் பற்றிய ஓர் அளவீடு என்னை எழுந்து உட்கார வைத்தது: இருட்டிய முதல் ஒரு மணி நேரத்தில் நேப்பியர் விடும் பச்சைத்தழை வாசம் ஏறக்குறைய 100 மடங்கு கூடுகிறது, மக்காச்சோளமும் சோளமும் அதே நேரத்தில் கூட்டுவது அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்துப்பூச்சி முட்டையிட இடம் தேடிக் கிளம்பும் நேரமும் அதுவே. எங்கள் கட்டுத்தரையை ஒட்டி மாட்டுக்குப் போட்டிருக்கும் கோ-4 புல்லின் ஒரு பாதி நேப்பியர், மறுபாதி கம்பு. பொழுது சாய்ந்து அதை அறுக்கப் போகும்போது இப்போதெல்லாம் ஒருமுறை நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை.

செடிகள் இருட்டில் பேசும் பேச்சு இழுப்பதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. புளியம்பட்டிப் பக்கம் அப்புச்சி ஒரு காலத்தில் புகையிலை போட்டிருந்தார். அந்தப் புகையிலையில் 2001-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள்: நம் காய்ப்புழுவின் நெருங்கிய உறவான ஒரு புழு கடித்த செடி, பகலில் ஒரு வாசமும் இரவில் வேறு சில பொருள்களும் விடுகிறது, அந்த இரவு வாசம் முட்டையிட வரும் தாயை விலக்குகிறது. இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்ற அறிவிப்பு. அதே வருடம் யூட்டா பாலைநிலத்தில் காட்டுப் புகையிலையை ஆராய்ந்தவர்கள், செடி விடும் இத்தகைய வாசம் தாயை விலக்குவதும் புழுவைத் தின்ன வரும் பூச்சியை அழைப்பதுமாகச் சேர்ந்து, செடியின் மேல் உள்ள புழுக்களை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். பெரியப்பா தோட்டத்தில் முதல் வருடம் பூச்சி ஏறியதற்கு என் வேம்பு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது என்று நான் இப்போது நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வாரம் அவர் தக்காளி முழுப்பூவில் இருந்தது, என்னுடையது பூ தொடங்கியிருந்தது. தாய்க்கு அந்த வேறுபாடே போதும். ஆனால் என் பங்கு சுத்தமாக இல்லை என்றும் சொல்ல மாட்டேன். விரட்டப்பட்டது எங்காவது போய்த்தான் சேரும். போய்ச் சேரும் இடத்தை நான் ஏற்பாடு செய்யவில்லை என்றால் பக்கத்துத் தோட்டம் ஏற்பாடு செய்யும்.

இதையெல்லாம் இந்த ஆனி மாதம், மோட்டார் முறை மாற்றும்போது, பெரியப்பாவிடம் சொன்னேன். சிவப்புத்தாள் சுற்றிய விளக்கு, வரப்பில் பார்த்தது, 11 முட்டை எல்லாவற்றையும். வரப்போர வரிசையை அவர் பக்கத்தில் ஒன்று, என் பக்கத்தில் ஒன்று என இரண்டாக வைக்கலாம், இருவரும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தக்காளிக்கு மட்டும் வாரம் தவறாமல் நுனி நனைய அடிக்கலாம், செண்டுமல்லியில் படாமல் பார்த்துக்கொள்ளலாம், மொட்டும் பூவும் நாலு நாளைக்கு ஒருமுறை விலை பார்க்காமல் பறிக்கலாம் என்பது என் யோசனை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தார்.

"போன வருசம் எங்கூட்டுப் பூச்சி வந்து உக்காந்த பூவுல எனக்குப் பங்கு வரோணுமா இல்லையா?" என்றார்.

"அந்தப் பூவுல புழுத்தானுங்க பெரீப்பா மிச்சம்" என்றேன்.

"அதுலயும் பாதி எம்பட புழு" என்றார்.

நேற்று மாலை சாளைத் திண்ணையில் குழித்தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். செண்டுமல்லி விதைத்து 18 நாள் ஆகிறது. நான்கு இலை விட்டு, தொட்டால் விரலில் நெடி ஏறுகிறது. தக்காளி விதைப் பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை. பெரியப்பா வந்து, கையிலிருந்த இரண்டு காலித் தட்டுகளைத் திண்ணையில் வைத்துவிட்டு, என் செண்டுமல்லியை விரலால் நிமிண்டி முகர்ந்து பார்த்தார். "தக்காளி எப்ப போடோணும்?" என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். "நாளைக்கே போட்டுட்டா?" என்றார். ஒரு நாள் பரவாயில்லை, ஆனால் 20 கணக்கு என்றேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து அவரே ஒருமுறை எண்ணத் தொடங்கினார்.